தோட்டம் நொடித்தால் வைத்தியம் யார் பொறுப்பு?

அகத்தியர்கூடம் ஏறுகிறவர்களுக்குப் போனக்காடு மலையடிவாரம். தமிழ்நாட்டிலிருந்து தேயிலை பறிக்க வந்தவர்களின் வாரிசுகளுக்கோ அதுதான் ஊர். நோய் முற்றினால் காட்டுச் சாலையில் விதுராவுக்கு இறங்க வேண்டும். அங்கும் முடியாவிட்டால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி, சுமார் 60 கி.மீ.

பிழைக்க வந்த இடத்தில் வைத்தியச் செலவு யாருடையது? 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தெளிவாகப் பதில் சொன்னது: நிர்வாகத்துடையது. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி, நோய்க்கால உதவித்தொகை, வீடு எல்லாமே முதலாளியின் பொறுப்பாயின. சிக்கலும் அதில்தான். தோட்டம் நொடித்தால் கூலியோடு வைத்தியமும் நின்றுவிடும். போனக்காட்டில் ஆலை மூடி, சம்பளமும் கிராஜுவிட்டியும் பாக்கி விழுந்தபின் மிஞ்சியவை இடிந்துவரும் லயங்கள்.

2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறது. கேரளத்தில் இது காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. மத்தியப் பட்டியலில் உள்ள குடும்பமென்றால் அட்டை மாநில எல்லை தாண்டியும் செல்லும். நாகர்கோவிலில் உறவினர் வீட்டில் நோய்வாய்ப்பட்டாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் காட்டலாம்.

ஆனால் வார்டில் சேர்ந்தால்தான் அட்டைக்கு மதிப்பு. புறநோயாளிக்கு எழுதித்தரும் மாத்திரை, ஜீப் வாடகை, துணைக்கு வந்தவர் இழக்கும் கூலி எல்லாம் கைக்காசுதான். வெளியூரில் பிழைப்பவர்கள் ஆரோக்கியமாக இருக்கும்போதே 14555 என்ற எண்ணில், அட்டை எங்கே செல்லும் என்று விசாரித்து வைப்பது நல்லது. வலி வந்தபின் கேட்க நேரம் இருக்காது.