திருடனால் தூக்க முடியாத நடராஜர்!

சீயமங்கலம் குகையில் 1,400 ஆண்டுக் கண்காட்சி

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்தது. மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12 சேர்ந்த அந்தத் தொகுப்பில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான்.

கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் ராஜகிரியில் ஏறி இறங்குவதற்குள் மூச்சு வாங்கி, "போதும்டா சாமி" என்று பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆனால் அந்த வட்டாரத்திலேயே, வந்தவாசி தாலுகா தேசூருக்குப் பக்கத்தில், இன்னொரு அதிசயம் இருக்கிறது. அதுதான் சீயமங்கலம் குகைக் கோயில்!

அங்கே இருப்பது 1,400 ஆண்டுக் கலைக் கண்காட்சி. திறப்பு விழா நடத்தியவர் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மன்.

பாறையைக் குடைந்தார்

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் கட்டியதாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமையோடு சொன்ன மன்னர் இவர். தளவானூரிலும் ஒரு குகையைக் குடைந்தார். சீயமங்கலத்தில் குடைந்த கோயிலுக்கு 'அவனிபாஜன பல்லவேசுவரம்' என்று பெயர். இன்று மக்கள் வணங்குவது தூணாண்டார், அதாவது ஸ்தம்பேசுவரர்.

குகை முகப்பில் வாயில் காவலர்கள், வீரர்கள், சிங்கங்கள் என்று வரிசையாகச் சிற்பங்கள். ஒரு தூணின் மேல்பகுதியில் அளவில் சிறிய ஒரு சிற்பம். இடது காலைத் தூக்கி ஆடும் சிவன்! கீழே பாம்பு படம் எடுக்கிறது. நாம் வழக்கமாகப் பார்க்கும் முயலகன் காலடியில் இல்லை.

தமிழகத்துக் கல் நடராஜர்களில் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று. சோழர் காலத்து வெண்கல நடராஜர்கள் வருவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே ஆட்டம் தொடங்கிவிட்டது!

மலையில் சமணச் சிற்பங்களும் உண்டு. பார்சுவநாதர், பாகுபலி உருவங்களைப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள்.

கடல் கடந்த சாமி

வெண்கல நடராஜர்களின் கதை வேறு. திருவாலங்காட்டு நடராஜர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறார். அவருடைய போட்டோக்களைப் பார்த்தே சொக்கிப்போன பிரெஞ்சு சிற்பி ரோடின் எழுதிய கட்டுரை 1921-ல் வெளியானது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜருக்கோ அந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. கோயிலிலிருந்து திருடுபோனவரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. குட்டு வெளிப்பட்டது. 2014 செப்டம்பரில், இந்தியா வந்த ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் அவரைத் திருப்பி ஒப்படைத்தார்.

சீயமங்கலம் நடராஜருக்கு அந்த ஆபத்து இல்லை. பாறையோடு பாறையாக இருப்பவரை யார் தூக்கிப்போக முடியும்? அவரைப் பார்க்க வேண்டுமானால் நாம்தான் அவர் ஊருக்குப் போக வேண்டும்.

கிறுக்காதீர்கள்!

திருட முடியாது என்றாலும் கெடுக்க முடியும். ஆணியால் பேர் எழுதுவது, எண்ணெய்க் கையால் தடவுவது, சுண்ணாம்பு பூசுவது, இவையெல்லாம் சிற்பத்துக்கு எமன். மூக்கோ விரலோ உடைந்தால் ஒட்டவைக்க மகேந்திரவர்மன் திரும்பி வரப்போவதில்லை.

போகிறவர்கள் கையில் ஒரு டார்ச் லைட் வைத்துக்கொள்வது நல்லது. பிற்காலத்து மன்னர்கள் முன்னால் மண்டபங்களைக் கட்டிவிட்டதால் குகைக்குள் வெளிச்சம் குறைவு.

வெளியூர் போக நேரமில்லாத சென்னைவாசிகள், வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் எழும்பூருக்குப் போய்த் திருவாலங்காட்டாரைப் பார்த்துவிட்டு வரலாம். அதே வளாகத்தில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் 4 நூலகங்களில் அதுவும் ஒன்று. பல்லவர் குகைகளைப் பற்றிக் கே.ஆர். சீனிவாசன் எழுதிய நூல் 1964-ல் வெளிவந்தது. அதைக் கேட்டு வாங்கிப் புரட்டிவிட்டுப் போனால், சீயமங்கலத்துத் தூணில் எங்கே பார்க்க வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை!