ஒரு போனுக்குள் ஓர் ஊர்

இலங்கையின் சரவணைக் கிராமத்தில் இருக்கும் ஒரு தாயின் போனைத் திறந்து பார்த்தால், வேலணை, ஊர்காவற்றுறை இலக்கங்களை விட ரொறன்ரோ, பாரிஸ், சூரிச் இலக்கங்கள்தான் கூட இருக்கும். மகளின் வீட்டு விலாசம், மருமகனின் கடவுச்சீட்டுப் பிரதி, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடப் படம், கோயில் திருவிழாக் குழு எல்லாம் அதற்குள்தான். "என்னட்டை மறைக்க என்ன கிடக்கு?" என்று அவர் கேட்பார். அவரிடம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அகதி வழக்கு இன்னும் முடியாத பெறாமகனுக்கு இருக்கும். ஏதோவொரு இலவசச் செயலி தொடர்பிலக்கங்களைக் கேட்க, அவர் 'அனுமதி' என்று அழுத்தினால், அந்தப் பிள்ளையைக் கேட்காமலே அவனுடைய இலக்கமும் சேர்ந்து போகிறது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2014 பெப்ரவரியில் அவுஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களம் தன் இணையத்தளத்தில் ஓர் அறிக்கையை ஏற்றியது. அந்தக் கோப்புக்குள் மறைந்திருந்த அட்டவணையில், தடுப்பில் இருந்த 9,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர், பிறந்த திகதி, நாடு எல்லாம் அப்படியே கிடந்தன. இலங்கைத் தமிழரும் அதில் இருந்தார்கள். எந்த நாட்டுக்குப் பயந்து ஓடினார்களோ அந்த நாடும் அதைத் திறந்து பார்க்கலாம் என்ற நிலை. யாரும் திருடவில்லை, கவலையீனம் மட்டும்தான். ஆனால் அங்கே கேட்க ஒரு சட்டம் இருந்தது. தங்கள் பாதிப்பை எழுதிக் கொடுத்த 1,297 பேருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2021இல் தகவல் ஆணையாளர் உத்தரவிட்டார்.

இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நிறுவனத்தைக் கேட்க, பிழையைத் திருத்தச் சொல்ல, அழிக்கச் சொல்ல, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற அது உரிமை தருகிறது. அந்தப் பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தார்கள். திகதி வருமுன்னரே தள்ளிவைத்தார்கள். சட்டத்தை நம்பிப் போனை நிரப்புவதை விட, எதை உள்ளே விடுவது என்று முதலே பார்த்துக்கொள்வது புத்தி.

வாட்ஸ்அப்பை எடுப்போம். 2016இலிருந்து அதில் நாம் எழுதுவதையும் பேசுவதையும் இடையில் யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். ஆனால் யார் யாரோடு, எந்த நேரத்தில் தொடர்புகொள்கிறார்கள் என்பது அதன் உரிமையாளரான மெட்டாவுக்குத் தெரியும். கூகுள் டிரைவில் சேரும் உரையாடல் பிரதிக்கு அந்தப் பூட்டை நாமே செயலியின் அமைப்புகளுக்குள் போய்ப் போட வேண்டும். டெலிகிராம் இரகசியமானது என்று பலர் நம்புகிறார்கள். அதன் சாதாரண உரையாடலுக்கும் குழுக்களுக்கும் இந்தப் பூட்டே இல்லை. சிக்னல் வேறு மாதிரி. இலாப நோக்கில்லாத ஓர் அமைப்பு அதை நடத்துகிறது. 2016இல் அமெரிக்க விசாரணை ஒன்றுக்காக ஒரு பயனாளரின் விபரத்தைக் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிரக் கொடுக்க அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. முழு ஊரையும் சிக்னலுக்கு மாற்ற யாராலும் முடியாது, தேவையும் இல்லை. கோயில் குழு வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். கடவுச்சீட்டு, வழக்குக் கடிதம், வங்கிச் சீட்டு போன்றவற்றை மட்டும் வீட்டாருக்குள் சிக்னலில் அனுப்பினால் போதும். செய்திகள் தாமாக அழியும் வசதியையும் போட்டுவிடுங்கள். முகநூலில் நினைவேந்தல் படம் போட்டதற்காகப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் பிடிபட்டவர்கள் உள்ள நாடு இது. போனைக் கையில் வாங்கித் திறந்து பார்ப்பவருக்கு எந்தப் பூட்டும் தடையில்லை.

2018, 2019, 2022 என்று அரசு சமூக ஊடகங்களை முடக்கிய போதெல்லாம் ஆட்கள் அந்தத் தடையைச் சுற்றிப் போக இலவச வி.பி.என். செயலிகளை இறக்கினார்கள். முடக்கம் போய்விட்டது, செயலி போனிலேயே கிடக்கிறது. இணையத்தில் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதைப் பார்க்கக்கூடிய இடத்தில் அதை நடத்துபவர் இருக்கிறார். பேஸ்புக் வைத்திருந்த ஒனாவோ என்ற வி.பி.என். இதைத்தான் செய்தது: ஆட்கள் வேறு எந்தச் செயலிகளைப் பாவிக்கிறார்கள் என்று அதைக் கொண்டே கவனித்தார்கள். 2018இல் ஆப்பிள் அதைத் தன் கடையிலிருந்து விலக்க வைத்தது. உங்கள் போனில் கிடக்கும் வி.பி.என். தேவையில்லாவிட்டால் அழித்துவிடுங்கள். தட்டச்சு விசைப்பலகைகளிலும் கண் இருக்கட்டும். ஏஐடைப் என்ற விசைப்பலகையைப் பாவித்த 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விபரம் 2017இல் வெளியே கிடந்தது. தமிழ் எழுதத் தரும் செயலிக்கு உங்கள் தொடர்பிலக்கங்கள் எதற்கு?

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. புதுப்போன் வாங்கியதும் கொமினிக்கேசன் கடையில் கொடுத்து ஜிமெயில் திறப்பிப்பது. கடவுச்சொல் கடைக் கொப்பியில் இருக்கும், மீட்பு இலக்கமாகக் கடைக்காரரின் இலக்கம் இருக்கும். கடைத் தம்பி தங்கமான பிள்ளையாகவே இருக்கலாம். கடையும் கைமாறும், கொப்பியும் கைமாறும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் முதல் வேலையாகக் கடவுச்சொல்லையும் மீட்பு இலக்கத்தையும் மாற்றிக் கொடுக்கலாம்.

இப்போது அடிக்கடி நடக்கும் மோசடி, குறுஞ்செய்தியில் வரும் வாட்ஸ்அப்பின் ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்பது. "தவறி உங்களுக்கு வந்துவிட்டது, சொல்லுங்கள் அம்மா" என்பார்கள். சொன்னால் வாட்ஸ்அப் கணக்கு அவர்கள் கையில். அடுத்த நிமிடம் கனடாவில் இருக்கும் மகனுக்கு, தாயின் பெயரிலேயே, அவசரமாகக் காசு கேட்டுச் செய்தி போகும். இரு கட்டச் சரிபார்ப்பை இயக்கி ஓர் இரகசிய எண் போட்டு வைத்தால் இது அநேகமாக நடக்காது. நடந்துவிட்டால் உங்கள் இலக்கத்தைக் கொடுத்து உடனே திரும்பப் பதிவுசெய்யுங்கள். கள்ளன் தன் எண்ணைப் போட்டிருந்தால் ஏழு நாள் காத்திருக்க நேரும். அதுவரை உறவினர் எல்லாருக்கும் குரல் அழைப்பெடுத்துச் சொல்லுங்கள், காசு போயிருந்தால் வங்கிக்கு அறிவியுங்கள். இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலை அணியை 101 இலக்கத்தில் அழைக்கலாம். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் பொலிஸில் முறைப்பாடும் செய்யலாம். போகும்போது, உங்களுக்கு வந்த மோசடிச் செய்திகளை அழிக்காமல், காசு அனுப்பிய பற்றுச்சீட்டோடு போங்கள்.