இன்ஜின் அலறுது... பிளேடு நிக்குது! பிரஷ் கட்டர் கிளட்ச் தேய்ந்தால் என்ன செய்யலாம்?

மழை விட்டு நான்கு நாள் வெயிலடித்தால் போதும், வரப்பெல்லாம் அருகும் கோரையும் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். களை எடுக்க ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில், சிறு விவசாயிகளுக்குக் கைகொடுப்பது தோளில் மாட்டிக்கொள்ளும் பிரஷ் கட்டர்தான். அந்த நேரம் பார்த்து இன்ஜின் மட்டும் 'கிர்ர்' என்று அலறும்; பிளேடு புல்லில் பட்டதும் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகியதுபோல வாடையும் வரும். பலரும் 'இன்ஜின் பவர் போச்சு, பிஸ்டன் மாத்தணும்' என்று முடிவுகட்டி விடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவு செய்து பிஸ்டன் மாற்றிய பிறகும் பிளேடு நின்றுகொண்டேதான் இருக்கும். காரணம், கோளாறு கிளட்ச்சில் இருக்கிறது. அதற்கான ஷூ ஜோடியின் விலை பெரும்பாலான இயந்திரங்களுக்குச் சில நூறு ரூபாய்தான்.

இந்த கிளட்ச்சுக்குத் தனியாக லிவரோ பெடலோ கிடையாது. இன்ஜின் வேகத்தை வைத்துத் தானாகவே பிடிக்கும், தானாகவே விடும். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் இரண்டு ஷூக்களை ஒரு ஸ்பிரிங் உள்பக்கமாக இழுத்து வைத்திருக்கும். அவற்றைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி ஒரு டிரம். ராட்டினம் வேகமெடுக்கும்போது தொட்டில்கள் வெளிப்பக்கம் விரிகின்றன அல்லவா? அதேபோல வேகம் கூடும்போது ஷூக்கள் ஸ்பிரிங்கை மீறி விரிந்து, டிரம்மின் உள்சுவரைக் கவ்விப் பிடிக்கும். டிரம் சுற்றினால் அதோடு சேர்ந்து ராடு சுற்றும், பிளேடும் சுற்றும்.

பலர் செய்யும் தவறு இங்கேதான் தொடங்குகிறது. 'மெஷின் பாவம், மெதுவா ஓட்டுவோம்' என்று பாதி ஆக்சிலேட்டரில் வெட்டுகிறார்கள். உண்மையில் கிளட்ச்சைக் கருக்குவதே அதுதான். ஷூ விரியும் விசை, வேகத்தின் இருமடிப்படி கூடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஒரு கிளட்ச் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் டிரம்மைத் தொட ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5,000 சுற்றில் அதன் பிடி 9 பங்கு என்றால், 6,000 சுற்றில் 20 பங்கு. ஆயிரம் சுற்று கூடினாலே பிடி இரண்டு மடங்குக்கும் மேல்! பாதி வேகத்தில் கனமான புல்லுக்குள் விட்டால் ஷூ வழுக்கும், சூடாகும், தேயும். பிரஷ் கட்டரில் மண் கிளறும் வீடர் அட்டாச்மென்ட் மாட்டி இறுகிய மண்ணில் மெதுவாக ஓட்டுபவர்களின் கிளட்ச் சீக்கிரம் போவதும் இதனால்தான். பிளேடில் கொடி சுற்றி நின்றுவிட்டால், ஆக்சிலேட்டரை முறுக்கி அறுத்துவிடலாம் என்று பார்க்கக் கூடாது. இன்ஜினை நிறுத்திக் கையால் எடுப்பதே சரி.

கோளாறு கிளட்ச்சில்தானா என்று கண்டுபிடிப்பது எளிது. புல்லில் வைத்ததும் இன்ஜின் சத்தமும் சேர்ந்து அமுங்கினால், பழுது இன்ஜின் பக்கம். ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், சைலன்சர் அடைப்பைப் பாருங்கள். இன்ஜின் சத்தம் குறையாமல் பிளேடு மட்டும் நின்றால், கிளட்ச் வழுக்குகிறது. புல்லே இல்லாமல் முழு வேகத்திலும் பிளேடு அசையவில்லை என்றால், ராடின் முனை மழுங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. கழற்றிய பிறகு டிரம்மைக் கையால் திருப்பினால் பிளேடும் திரும்புகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இதற்கு நேரெதிரான இன்னொரு கோளாறு, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டே இருப்பது. இதை அலட்சியம் செய்யவே கூடாது. கால் போகிற விஷயம். ஐடிலிங் வேகம் அதிகமாக இருக்கலாம், அல்லது ஸ்பிரிங் தளர்ந்தோ அறுந்தோ போயிருக்கலாம். ஐடிலிங் திருகைக் குறைத்தும் பிளேடு நிற்காவிட்டால், கிளட்ச்சைத் திறக்காமல் அடுத்த வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

வாரன்டி இருக்கும் மெஷின் என்றால் வாங்கிய கடைக்கே கொண்டு போவது நல்லது. இல்லையென்றால் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கலாம். இன்ஜினையும் குழாயையும் இணைக்கும் ஹவுசிங் போல்ட்டுகளை எடுத்தால், ஒரு பக்கம் டிரம்மும் மறுபக்கம் ஷூக்களும் தெரியும். எதையும் தொடுவதற்கு முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் ஷூவுக்கு மேலே, எது கீழே என்பது மாட்டும்போது கட்டாயம் மறந்துபோகும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது, கம்ப்ரசர் காற்றும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

ஷூவின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்து, ஆனால் கனம் குறையாமல் இருந்தால், உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் போதும். டிரம்மின் உள்பக்கத்தையும் அப்படியே செய்யலாம். எண்ணெய் படிந்திருந்தால் டிரம்மைப் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஆனால், எண்ணெய் ஊறிய லைனிங் திரும்பப் பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும். அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் புது ஷூ போடுவது வீண் செலவு. இன்ஜின் பக்கத்து ஆயில் சீல் கசிந்தால், புதியதும் சில நாளில் ஊறிவிடும்.

லைனிங் தேய்ந்து இரும்பு தெரிந்தால் இரண்டு ஷூக்களையும் ஸ்பிரிங்கையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் எடை மாறி அதிரும். தளர்ந்த ஸ்பிரிங்கை வெட்டி மாட்டும் 'கைவைத்தியம்' சில இடங்களில் நடக்கிறது. எந்த வேகத்தில் கிளட்ச் பிடிக்கும் என்பதே அதில் மாறிப்போகும் என்பதால், அது வேண்டாம். டிரம் நீலம் பாய்ந்திருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, விரல் நகம் சிக்கும் அளவுக்குக் காடி விழுந்திருந்தாலோ அதையும் மாற்றிவிடுங்கள்.

உதிரிபாகமே கிடைக்காத பழைய மெஷின்களுக்கு, பிரேக் லைனிங் ஒட்டும் பட்டறைகளில் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டி வாங்கலாம். சூட்டில் இறுக வைக்கும் பசைதான் தாங்கும். சாதாரணப் பசை முதல் சூட்டிலேயே விட்டுவிடும். இரண்டு ஷூக்களுக்கும் லைனிங் கனம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

திரும்ப மாட்டும்போது போல்ட்டை இறுக்கிய பிறகும் ஷூ கையால் தள்ளினால் விரிந்து, விட்டால் உள்ளே போக வேண்டும். இறுகி நின்றால் வாஷர் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்கும் ஆசையில், டிரம் இல்லாமல் இன்ஜினை ஓட்டிவிடாதீர்கள். தடுக்க ஆளில்லாத ஷூ தெறித்து வரும்.

முடித்ததும் பிளேடு தரையில் படாமல் இன்ஜினை ஓடவிட்டு, ஐடிலிங்கில் பிளேடு முழுமையாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் ஐடிலிங் திருகைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். முதல் நாளில் கோரைப் பக்கம் போகாமல், இளம்புல்லாகப் பார்த்து முழு வேகத்தில் வெட்டினால் புது லைனிங் டிரம்மோடு படிந்து உட்கார்ந்துவிடும்.