கல்லைத் தின்னும் கேழ்வரகு

ஒகேனக்கல்லில் பரிசலில் போகும்போது அருவியை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், பாறைகளையும் பாருங்கள்! அவற்றின் நடுவே கார்பனடைட் என்ற பாறை பட்டை பட்டையாக ஓடுகிறது. பூமியின் ஆழத்திலிருந்து குழம்பாக மேலேறி இறுகிய அதன் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள். அதில் சுண்ணாம்போடு அபடைட் என்ற கனிமமும் உண்டு. அபடைட்டில் கால்சியமும் பாஸ்பரசும் உண்டு. மற்ற பாறைகளில் பொட்டாசியம், இரும்பு, மக்னீசியம் எல்லாம் உண்டு.

இவையெல்லாம் செடிகளின் சாப்பாடு. பல்லே இல்லாத செடி கல்லை எப்படித் தின்னும்?

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு, சோடாவைப் போல லேசான அமிலம் ஆகிறது. அது பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். வேரும் தன் பங்குக்கு அமிலத்தைக் கசியவிடும். கரைந்து வரும் சத்துகளை வேர்த்தூவிகள் உறிஞ்சிக்கொள்ளும்.

செடி வளர 17 தனிமங்கள் வேண்டும். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலும் நீரிலும் கிடைத்துவிடும். மற்ற 14-க்கும் மண்ணைத்தான் நம்ப வேண்டும். தழைச்சத்தான நைட்ரஜன் இலையைச் செழிக்க வைக்கும். மணிச்சத்தான பாஸ்பரஸ் வேருக்கும் விதைக்கும் வேண்டும். சாம்பல்சத்தான பொட்டாசியம் இலைத்துளைகளைத் திறந்து மூடும். இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம். மாலிப்டினம் துளியூண்டு போதும். ஆனால் அதுவும் இல்லாமல் முடியாது.

பாறையில் நைட்ரஜன் மிகக் குறைவு. காற்றில் 78 சதவீதம் இருந்தாலும் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. அவரையின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் அந்த வேலையைச் செய்கின்றன. தருமபுரிப் பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் அவரையையும் சேர்த்து விதைப்பதில் இந்த லாபமும் இருக்கிறது.

மண்ணிலிருந்து எடுத்த கால்சியத்தைக் கேழ்வரகு தன் மணியில் சேர்த்து வைக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. களி தின்றால் எலும்புக்கு நல்லது என்பது இதனால்தான்.

பாறையிலிருந்து கரைவதெல்லாம் நமக்கு நல்லதல்ல. ஃபுளூரைடும் அப்படித்தான் நிலத்தடி நீரில் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை படியும். மிகவும் கூடினால் எலும்பும் கெடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுபோகும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தப் பாதிப்பைத் தடுக்க 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது.

மீண்டும் செடிகளுக்கு வருவோம். உங்கள் வீட்டுச் செடியைக் கவனியுங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் நைட்ரஜன் குறைவாக இருக்கலாம். நரம்பு பச்சையாக இருக்க, நுனியிலுள்ள இளந்தளிர் வெளுத்தால் இரும்பு குறைவாக இருக்கலாம். எது குறைகிறது என்று பார்த்து, அதை மட்டும் அளவோடு கொடுங்கள்!