சரிபாதிக் கூட்டு தந்த சங்கடம்

புதுதில்லி: மாருதி உத்யோக் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக ஆர்.எஸ்.எஸ்.எல்.என். பாஸ்கருடுவை 1997-ல் மத்திய அரசு நியமித்தபோது, கூட்டாளியான ஜப்பானின் சுசுகி வெளிப்படையாகவே எதிர்த்தது. தொழில்துறை அமைச்சராக இருந்த முரசொலி மாறன் இறங்கிவரவில்லை. விவகாரம் சர்வதேச நடுவர் மன்றம் வரை சென்றது. ஆட்சி மாறிய பின், 1998-ல்தான் சமரசம் ஏற்பட்டது. பாஸ்கருடுவின் பதவிக்காலமும் குறைக்கப்பட்டது.

இச்சிக்கலின் வேர் 1992-ல் இருக்கிறது. 1982 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது சுசுகிக்கு 26 சதவீதப் பங்கே தரப்பட்டது. சிறிய கார் தயாரிக்கும் தொழில்நுட்பம் அரசுக்குத் தேவை. ஆயினும் கடிவாளத்தை அது கைவிடவில்லை. பத்தாண்டுகளில் சுசுகியின் பங்கு 50 சதவீதமாயிற்று. சரிபாதி என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். இருவரும் முரண்பட்டால் இறுதி முடிவு யாருடையது? அதைத் தெளிவாக வரையறுக்காமல் பெரும்பான்மையை விட்டுக்கொடுத்தது, முன்பு காட்டிய எச்சரிக்கைக்கு நேர்மாறானது.

2002-ல் அரசு விழித்துக்கொண்டது. உரிமைப் பங்கு வெளியீட்டில் தனக்குரியதை விட்டுக்கொடுத்து, சுசுகியின் பங்கு 54.20 சதவீதமாக உயர வழிவிட்டது. கட்டுப்பாட்டைக் கைமாற்றியதற்கு விலையாக ரூ.1,000 கோடி பெற்றது. எஞ்சிய பங்குகளையும் விற்று 2007-ல் முற்றிலுமாக விலகியது.