பாறையை மறைக்காத ரயில் நிலையங்கள்

தரைக்கடியில் எழும் கட்டடத்துக்கு முகப்பு கிடையாது. உள்ளே இறங்கினால் சன்னல் இல்லை, பொழுது தெரியாது, திசையும் புரியாது. சிலருக்குக் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு முட்டும். பெரும்பாலான நகரங்கள் இதற்குக் கண்ட வழி, சுவரை நேராக்கி ஓடு பதித்து விளக்குகளைக் கூட்டுவதுதான். ஸ்வீடனின் தலைநகரமான ஸ்டாக்ஹோம் தன் சுரங்க ரயில் நிலையங்களில் 1970-களில் வேறு வழியில் போனது. அங்கே குடைந்த பாறையைக் குடைந்தபடியே தெரியவிட்டார்கள்.

அதற்கு அந்த ஊரின் நிலம் இடம் கொடுத்தது. நகரத்துக்கு அடியில் இருப்பது 150 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கிரானைட், நைஸ் பாறைகள். வெடிவைத்துக் குடைந்தாலும் பெரும்பாலும் தம்மைத் தாமே தாங்கி நிற்கும் அளவுக்கு இறுகியவை. தளர்ந்த இடங்களில் எஃகு ஆணிகளை இறக்கிப் பிணைத்துவிட்டு, காற்றழுத்தத்தால் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிப்பார்கள். சில சென்டிமீட்டர் கனம்தான். பாறையின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் அது தோல்போலப் பற்றிக்கொள்ளும். தடித்த சுவரும் பொய்க்கூரையும் தேவைப்படுவதில்லை. எனவே அந்தக் குகைத் தோற்றத்தில் பாதி, பொறியாளர்களின் சிக்கனம் தந்தது. மீதியை ஓவியர்கள் தந்தார்கள்.

அந்த ஓவியர்கள் சும்மா உள்ளே வந்துவிடவில்லை. கலை என்பது காட்சிக்கூடத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டுமா என்று கேட்டு, சிரி டெர்கெர்ட், வேரா நில்சன் என்ற இரு பெண் ஓவியர்கள் 1950-களில் நகர நிர்வாகத்தோடு வாதாடினார்கள். 1957-ல் டி-சென்ட்ராலன் நிலையத்தில் முதல் படைப்புகள் இடம்பெற்றன. இன்று அங்குள்ள 100 நிலையங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் கலைப் படைப்புகள் உண்டு.

ஓஸ்டர்மால்ம்ஸ்டோரி நிலையத்தில் டெர்கெர்ட் செய்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. தூரிகையை விட்டுவிட்டு மணலை எடுத்தார். உயரழுத்தத்தில் மணலைப் பாய்ச்சினால் கான்கிரீட்டின் மேல்பரப்பு அரிபட்டு, உள்ளே பொதிந்த கருங்கற்கள் கோடுகளாக வெளிப்படும். பெண்ணுரிமையையும் உலக அமைதியையும் பற்றிய சித்திரங்களை இப்படிச் சுவரிலேயே அரித்தெடுத்தார். வண்ணப்பூச்சு இருந்தால்தானே நாளாவட்டத்தில் உரியும்!

டி-சென்ட்ராலனில் 1975-ல் திறந்த ஆழமான நடைமேடையின் வெள்ளைப் பாறையில் பெர் ஊலோஃப் உல்ட்வெட் நீலக் கொடிகளைப் படரவிட்டார். அவசரமாக ரயில் மாறும் கூட்டத்தின் மனத்தைத் தணிக்க அந்த நிறம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஓரிடத்தில் ஏணியும் கருவியுமாக மனித நிழலுருவங்கள் தெரியும். சுரங்கத்தைக் கட்டிய தொழிலாளர்கள் அவர்கள். என்னைக் கேட்டால், அந்த நிலையத்தின் மிக நேர்மையான ஓவியம் அதுதான்.

1977-ல் திறந்த குங்ஸ்ட்ரேட்கார்டன் தரைக்கு 30 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. உல்ரிக் சாமுவேல்சன் அதைப் புதையுண்ட தோட்டமாக வடிவமைத்தார். 1825-ல் எரிந்துபோன ஓர் அரண்மனையின் நினைவுகளும் அங்கே உண்டு. சில இடங்களில் பாறை வெறுமையாகவே நிற்கிறது. நிலத்தடி நீர் கசிகிறது, விளக்கொளியில் பாசி வளர்கிறது. ஸ்வீடனில் வேறெங்கும் காணப்படாத குட்டிச் சிலந்தி இனம் ஒன்றும் அங்கே குடியிருப்பதாகப் பதிவாகியிருக்கிறது.

அதே நிலையத்திலிருந்து புதிய பாதை இப்போது நீள்கிறது. அதில் வரும் சோஃபியா நிலையம் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் இருக்கும். நகரும் படிக்கட்டு கிடையாது, லிஃப்ட் மட்டும்தான். இந்தப் புதிய நிலையங்களுக்கான கலைஞர்கள், கட்டி முடிக்கும்வரை காத்திருக்காமல், வடிவமைப்புக் கட்டத்திலேயே கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள்.