சிம்பாங் ரெங்கத்தில் இறங்குங்கள்!

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், கைப்பேசியில் பயணக் காணொளிகள் வந்து குவிந்துவிடும். கென்யாவின் செம்மண் சாலை, தான்சானியாவின் புல்வெளி, கார் ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி. பார்க்க அழகுதான், விமான டிக்கெட் விலையைப் பார்த்ததும் ஆசை அடங்கிவிடும். ஆனால் ஆப்பிரிக்காவோடு உறவுள்ள ஒரு கிராமப்புறப் பயணம் நம் ஜொகூரிலேயே இருக்கிறது.

நான் சிம்பாங் ரெங்கத்துப் பெண். வானொலியில் ஊர்ப் பெயரைச் சொன்னால், நெடுஞ்சாலைப் பலகையில் பார்த்திருக்கிறோம் என்பார்கள் பலர். 1994-இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, ஜொகூர் பாருவுக்குப் போகிறவர்கள் எங்கள் ஊருக்குள் வரவேண்டிய தேவையே இல்லாமல் போனது.

அடுத்த முறை இறங்கிப் பாருங்கள். 'சிம்பாங்' என்றால் சாலை பிரியும் இடம். பழைய கூட்டரசுச் சாலையிலிருந்து இரயில் நிலையமுள்ள ரெங்கம் பட்டணத்துக்குப் பிரியும் பாதைதான் ஊருக்குப் பெயர் தந்தது. புறப்படுமுன் ஓர் அன்னாசிப் பழம் வாங்கி வெட்டித் தரச் சொல்லுங்கள். கரிமண் நிலத்தில் விளைவது, ஜொகூரின் பெருமை.

ரெங்கம் வழியாகக் குளுவாங் செல்லும் சாலையில் வேகம் வேண்டாம். வளைவுகள் உண்டு, பழக்குலை ஏற்றிய லோரிகளும் உண்டு. குளுவாங் இரயில் நிலையத்தில் 1938-இல் தொடங்கிய காப்பிக் கடை புகழ்பெற்றது. காயா ரொட்டியோடு ஒரு காப்பி குடித்துவிட்டு, மெர்சிங் நோக்கிச் செல்லும் 50-ஆம் எண் சாலையைப் பிடியுங்கள். இருபுறமும் செம்பனை.

கேமரூனிலிருந்து வந்த வண்டு

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. மரம் இங்கே வந்தது. அதன் பூக்களில் மகரந்தம் சேர்க்கும் வண்டு வரவில்லை. அதனால் பல தோட்டங்களில், குறிப்பாக இளம் மரங்களில், அந்த வேலையை மனிதர்கள் செய்தார்கள். ஆண் பூவின் மகரந்தத்தை டால்கம் தூளோடு கலந்து பெண் பூவில் தூவவேண்டும். பெண் பூ இரண்டு மூன்று நாள்தான் தாங்கும் என்பதால், ஒரே நிரைக்குத் திரும்பத் திரும்பப் போகவேண்டும்.

ஆப்பிரிக்காவில் இந்த வேலையில்லாமலேயே குலை நன்றாகக் காய்ப்பதைக் கவனித்தவர் லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி. அதற்குக் காரணம் எள்ளளவு வண்டு என்று கேமரூனில் ஆய்வு செய்து நிரூபித்தவர் பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத். 1981-இல் அந்த வண்டுகள் மலேசியாவில் முதன்முதலாக விடப்பட்டது குளுவாங்கின் மாமோர் தோட்டத்தில்தான். அவை வேகமாகப் பரவின, விளைச்சல் உயர்ந்தது, தூள் தூவும் வேலை தேவையற்றுப் போனது.

புத்தகத்தில் இல்லாத பெயர்கள்

டேவிட்சன், சையத் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. தூள் தூவிய பெண்களின் பெயர்கள் எங்கே?

என் பாட்டியும் குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் அந்த வேலை செய்தவர். எங்கள் வீட்டில் அதற்கு 'பவுடர் அடிக்கிற வேலை' என்று பெயர். காலைப் பிரட்டு முடிந்ததும் மட்டை முள்ளுக்கிடையே கை நுழைத்து நுழைத்து, மணிக்கட்டெல்லாம் தழும்பு.

"வண்டு வந்துச்சு, எங்க வேலை போச்சு. ஆனா முள்ளு குத்துறதும் அதோட நின்னுச்சு" என்பார். பிறகு அவரை உதிரிப் பழம் பொறுக்கப் போட்டார்கள். ஒரு பூச்சியால் நாட்டுக்கு வந்த இலாபத்தையும், லயத்து வீட்டில் ஏற்பட்ட மாற்றத்தையும் ஒரே மூச்சில் சொல்ல அவரால் முடிந்தது.

1981-இல் 20 வயதில் அந்த வேலை செய்தவர் இன்று 60-களின் நடுவில் இருப்பார். மற்றவர்கள் அதைவிட மூத்தவர்கள். இந்தப் பயணத்தை ஒத்திப்போட முடியாததற்கு அதுதான் காரணம். செம்பனை இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். அதைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே போகவேண்டும்.

எனவே காரின் முன் இருக்கையைத் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கொடுங்கள். தோட்டங்கள் தனியார் நிலம். அனுமதியின்றி உள்ளே போகாமல், சாலையோரமாகப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தத் தோட்டம்? என்ன வேலை? கூட வேலை செய்தவர்கள் யார் யார்?

பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். இடையில் குறுக்கிடாதீர்கள், வானொலியில் நாங்கள் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான்.